எட்டு சதவீத வருத்தம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, சோகமாக இருப்பதற்கென்றே ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது என்று போன வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. பிரியாணிக் கடையில் கேட்டால், அந்தப் பெண் காலையில் கொஞ்ச நேரமும் சாயங்காலம் கொஞ்ச நேரமும் அழுகிறாள், நடுவில் டீ உண்டு என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டால், காவேரிப்பாக்கத்திலிருந்து ஒப்பாரி வைக்கிற ஆளுக்கு வேன் அனுப்புகிறார்கள் என்றார்கள். வேலூர் வந்து சேர்வதற்குள் அந்த அம்மாளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரிபார்க்கப் போனதில் பாதி பொய். அழுவதற்கென்று புதிதாக யாரையும் எடுக்கவில்லை. இருக்கிற ஆட்களிலேயே ஒருவரை ஒதுக்கினார்கள். ஒதுக்கிய பொறுப்பு அந்தக் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் ஜெனிஃபாவுடையது. மீதிப் பாதி உண்மையைத் தெரிந்துகொள்ள அவளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெனிஃபா வாலாஜாபேட்டையில் பிறந்தவள். அப்பா மோசஸ் ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலைப் புரட்டிப் புரட்டியே காலம் தள்ளியவர். மகள் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது தவிர அவர் கர்த்தரிடம் வேறு எதுவும் பெரிதாகக் கேட்டதில்லை. கர்த்தர் கேட்டுக்கொண்டார். ஜெனிஃபா எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வகுப்பில் தேறினாள். தேறிய கையோடு ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டாள். கல்யாணம் ஆனது. கணவன் நத்தானியேல் வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, வாரத்தில் நாலு நாள் நைட். பிறகு ஒரு நாள், போனில் தடுக்காமல் இங்கிலீஷ் பேசுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஷூ கம்பெனி அவளை வெல்ஃபேர் ஆபீசர் ஆக்கியது. நாற்காலி உண்டு. ஃபேனும் உண்டு. வெல்ஃபேர் ஆபீசர் நிர்வாகமா தொழிலாளியா என்பதை மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. திட்டும்போது நிர்வாகம், சம்பளம் போடும்போது தொழிலாளி.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியை இந்தப் பக்கத்தில் 'பையர்' என்பார்கள். மழை எப்போது வரும், பையர் எப்போது வருவார் என்று ஒரே குரலில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பையர் ஒரு மிஷின் அனுப்பினார். மூன்று முகம் போட்ட மூன்று பட்டன். பச்சையில் சிரிப்பு, மஞ்சளில் கோடு போட்ட வாய், சிவப்பில் கவிழ்ந்த வாய். வேலை முடிந்து போகிறவர்கள் அன்றைக்குத் தாங்கள் எப்படி இருந்தார்கள் என்பதை ஒரு பட்டனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மிஷினை ஸ்டோர் ரூம் வாசலில் மாட்டினார்கள். ஸ்டோர் பார்க்கிற வேதாசலம், "இது மேலயும் ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்று சொல்லப்பட்டதால், இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் நின்றதால் எல்லாரும் பச்சையை அமுக்கினார்கள். நிஷா என்ற பெண்ணுக்கு மட்டும் ஒரு நாள் முழங்கை சிவப்பில் பட்டுவிட்டது. உடனே மூன்று பேர் அவளை ரூமில் உட்கார வைத்து, டீ கொடுத்து, என்னம்மா குறை, பயப்படாம சொல்லு என்று ஆதரவாகக் கேட்டார்கள். அவ்வளவு ஆதரவைத் தாங்காமல் நிஷா அழுதுவிட்டாள். ஊரில் கிளம்பிய பேச்சுக்கு முதல் கண்ணீர் அதுதான்.

மிஷினோடு ஒரு கட்டளையும் வந்தது. ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் நின்று ஒரு மகிழ்ச்சி உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். எழுதித் தரும் வேலை ஜெனிஃபாவுக்கு.

அப்போதுதான் அவளுக்கு அந்த நாவல் நினைவு வந்தது. பெயரைச் சொன்னால் படித்தவர்கள் எல்லாரும் "ஓ, அதுவா" என்று படிக்காமலே தலையாட்டுவார்கள். ஆகவே பெயர் வேண்டாம். உலகமே கொண்டாடுகிற பழைய நாவல். அரசாங்கமே மக்களை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்கிற ஒரு நகரத்தின் கதை. எம்.ஏ.வில் பாடம். முன்பாதியை நாவலிலும் பின்பாதியை கைடிலும் படித்துத்தான் ஜெனிஃபா முதல் வகுப்பு வாங்கினாள். அந்த முன்பாதியில் நகர மக்கள் தினமும் ஒரு உறுதிமொழி எடுப்பார்கள். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, அட்டை கிழிந்த புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டாள். "இன்று எனக்குக் குறையில்லை. நேற்று இருந்ததா என்பது நினைவில்லை. நாளை இருந்தால் முதலில் தெரிவிப்பேன், பிறகு மறப்பேன்." மேனேஜர் நயீம் அகமது படித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், ஷார்ட்டா அழகா இருக்குது" என்றார். ஃப்ரேம் போட்டு மாட்டினார்கள். தினமும் காலையில் தையல் லைன் முழுக்க நின்று சொன்னது.

புத்தகம் கையில் இருக்கிறதே என்று ஜெனிஃபா கம்பெனி பஸ்ஸில் அதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் ஆச்சரியம் ஓரத்தில் இருந்தது. நகரத்தில் மாமனார் மாமியார் கிடையாது, கல்யாணச் செலவு கிடையாது, படித்தவனுக்கு வேலை நிச்சயம் என்று ஆசிரியர் ஏதோ பயங்கரம் போல வர்ணித்துக்கொண்டு போகிற இடத்தில், பேனாவால் அவளுடைய கையெழுத்தில், "நல்லா இருக்கே!" என்று எழுதியிருந்தது. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. மாப்பிள்ளை வீட்டார் வந்து வந்து போய்க்கொண்டிருந்த காலம். வெட்கத்தில் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி அந்தப் பக்கத்துக்கே வந்தாள். யோசித்துப் பார்த்ததில், இப்போதும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்தது.

நாவலில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு அம்மாள் வருவாள். பெயர் கிடையாது. சாயங்காலமானால் வீடு வீடாகப் போய் "சுகமா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். அன்பானவள். முதல் தடவை படித்தபோது ஜெனிஃபா அவளுக்கும் ஒரு வரி எழுதியிருந்தாள்: "நல்ல வேலை. டிரான்ஸ்ஃபர் இல்லை."

இப்படி மறுவாசிப்பு பள்ளிகொண்டாவுக்கும் மாதனூருக்கும் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தபோது நயீம் அகமது கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பி.பி. மாத்திரை போடுகிறவர், ரம்ஜானுக்கு எல்லா லைனுக்கும் பேரீச்சம்பழம் அனுப்புகிறவர்.

"இன்னாமா இது, நூத்துக்கு நூறு பச்சை? பையர் நம்ப மாட்றான். கல்யாண வூட்லகூட நாலு பேரு மூஞ்சிய தூக்கி வெச்சினு இருப்பான்."

"நாமதான சார் பச்சைய அமுக்கச் சொன்னோம்?"

"சொன்னோம். அதுக்குன்னு எல்லாருமா அமுக்குவாங்க?"

"செவப்பு எவ்ளோ சார் வேணும்?"

"எட்டு பர்சென்ட். ஜாஸ்தி போனா பேஜாரு, கம்மியானா பொய்யின்றான். அடுத்த மாசம் அவங்க ஆளு நேர்ல வருது. இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டு லைன மூடணும். உன் நாற்காலியும் அதுலதான் இருக்குது, பாத்துக்கோ."

சொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட குறைகளையும் அவரே சொன்னார். சாம்பாரில் உப்பு கம்மி. பஸ்ஸில் போடுகிற பாட்டு பழசு. தீபாவளி ஸ்வீட் டப்பா சின்னது.

நிஷாவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு சிவப்பை அமுக்க யாரும் முன்வரவில்லை. மிஷினுக்கு ஆள் தெரியாது, விரல்தான் தெரியும் என்பதால் ஒரே ஆள் எட்டு சதவீதத்துக்கு ஆகிற அளவு அமுக்கினால் போதும் என்று ஜெனிஃபா கணக்குப் போட்டாள். ஒன்றாம் லைனில் ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி ஓரம் மடிக்கிற முனியம்மாவிடம் போனாள். முனியம்மாவுக்கு ரிடையர்மென்ட் பக்கத்தில் இருந்தது; பயம் தூரத்தில் இருந்தது.

"சும்மா அமுக்கணுமா மேடம், நெஜமா அமுக்கணுமா?"

"ரெண்டுத்துக்கும் இன்னாக்கா வித்தியாசம்? பட்டன் ஒண்ணுதான?"

"பட்டன் ஒண்ணுதான். அமுக்கறவ நானாச்சே." முனியம்மா காலடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது. "சாப்பாட்டு பெல் அடிக்கிற வரிக்கும் இதுக்குக் கீழ எறங்க மாட்டேன். எறங்குனா தாங்காது. லைனுக்கு ஒரே டோக்கன்."

டோக்கன் என்பது கழிவுத் தோலில் வட்டமாக வெட்டி, லைன் நம்பர் அச்சடித்து, ஆணியில் தொங்கவிட்ட துண்டு. அதை எடுத்துக்கொண்டு போனால்தான் பாத்ரூமுக்குப் போகலாம். ஒருத்தி போய் வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஒரு லைனில் நாற்பது பெண்கள்.

"எனக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருது மேடம். டாக்டரம்மா தண்ணி குடின்றாங்க, அடக்காதன்றாங்க. டோக்கன் குடிக்காதன்னுது. நான் யார் பேச்ச கேக்கறது? இத்த எழுதிக்கிறேன்னா சொல்லு, தெனிக்கும் வந்து அமுக்கறேன்."

"எழுதிக்கிறேன்க்கா."

அன்று முதல் சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் முனியம்மா மிஷின் எதிரே நின்று சிவப்பை அமுக்கினாள். பக்கத்தில் வேதாசலம் நின்று, "போதும்க்கா, போதும், ஜாஸ்தியாப் போவுது" என்று எண்ணிக்கை பார்த்துக்கொண்டார். வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொன்னார்கள். அமுக்கல் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்ப வேண்டியவள் ஜெனிஃபா. எழுதினாள். சாம்பாரில் உப்பு கம்மி என்று இங்கிலீஷில் எழுதினாள். அடுத்த நாளும் அதையே எழுதினாள். ஒரு நாள் மாறுதலுக்காகப் பாட்டு பழசு என்று எழுதினாள். அவளுக்கும் லைன் மூடக்கூடாது, நாற்காலி போகக்கூடாது என்கிற கவலை இருந்தது. அது நியாயமான கவலைதான்.

நாவலின் பின்பாதிக்கு வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தது. கைடில் இந்த இடம் இல்லை. வெள்ளை உடுப்பு அம்மாள் ஒரு வீட்டில் தன் நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போகிறாள். வீட்டுக்காரன் திறந்து பார்க்கிறான். எந்த வீட்டில் யார் என்ன சொல்லியிருந்தாலும் எல்லாப் பக்கத்திலும் "சுகம்" என்ற ஒரே சொல்தான் எழுதியிருக்கிறது. ஜெனிஃபா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பாலாற்றில் ஓடாத தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அன்று சாயங்காலமும் சாம்பாரில் உப்பு கம்மி என்றுதான் எழுதினாள். நாவல் படித்து உடனே திருந்துகிறவர்கள் நாவலில்தான் உண்டு.

வீட்டில் நத்தானியேலிடம் மட்டும் சொன்னாள். "அந்த புக்ல நான் வர்றேங்க."

"ஹீரோயினா?"

"இல்ல. பேர் இல்லாத ஒரு பொம்பள."

"அப்போ சின்ன ரோல்தான். வுடு," என்று அவன் நைட் டியூட்டிக்குக் கிளம்பினான்.

பையரின் ஆள் வந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட வெள்ளைக்கார அம்மாள். எதைப் பார்த்தாலும் நின்று பார்க்கிறவள். சுவரில் இருந்த உறுதிமொழியின் முன்னால் நின்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஜெனிஃபா தமிழாக்கியதை மறுபடியும் இங்கிலீஷ் ஆக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் புருவம் ஏறியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்றாள். ஜெனிஃபா அவசரமாக, எங்கள் பக்கத்துப் பழைய பிரார்த்தனை என்று சொல்லிவைத்தாள். அந்த அம்மாள் மரியாதையாகத் தலைகுனிந்து அதை போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பிறகு தொழிலாளியோடு பேட்டி. நிர்வாகம் யாரும் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே நயீம் அகமது கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார். உள்ளே வெள்ளைக்கார அம்மாள், முனியம்மா, நடுவில் மொழிபெயர்க்க ஜெனிஃபா. எட்டு சதவீதம் என்பது ஆரோக்கியமான எண்ணிக்கை என்று அந்த அம்மாள் பாராட்டினாள். உப்பு விஷயத்தை கேன்டீனில் கவனிக்கச் சொல்கிறேன் என்றாள். ஜெனிஃபா இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கையில் முனியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"மேடம், அந்தம்மா இன்னா வேணா சொல்லட்டும். எனக்கு அவசரமாப் போவணும்."

"இரேன்க்கா, ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் எங்கிட்ட இல்ல. காலைல இருந்து பேட்டி பேட்டின்னு எழுந்திருக்க வுடல. டோக்கன நிஷா எடுத்துனு போய்ட்டா."

அவள் என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள்.

ஜெனிஃபா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். நயீம் அகமது சிரித்துத் தலையாட்டினார். தண்ணீர் வேண்டுமாம் என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. முனியம்மா இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. கோபத்துக்கும் அவளிடம் நேரம் இல்லை.

"அவங்க பாத்ரூம் போகணுமாம்," என்று ஜெனிஃபா இங்கிலீஷில் சொன்னாள்.

போகட்டுமே என்றாள் வெள்ளைக்கார அம்மாள்.

"டோக்கன் இல்லை."

என்ன டோக்கன்?

ஜெனிஃபா சொன்னாள். ஆணியைச் சொன்னாள், நாற்பது பேரைச் சொன்னாள், ரப்பர் பேண்டைச் சொன்னாள். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்பதையும் சொன்னாள். முனியம்மா இதற்குள் டோக்கன் இல்லாமலே எழுந்து ஓடிவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நயீம் அகமதின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. எப்போது எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆர்டர் போகவில்லை. அறிக்கை மென்மையாகத்தான் வந்தது. ஒன்றாம் லைனில் உள்ள டோக்கன் முறையை நீக்க வேண்டும். மொழிபெயர்த்த அலுவலர் ஜெனிஃபாவின் நேர்மை பாராட்டத்தக்கது.

"பேர் போட்டுப் பாராட்டிட்டா," என்றார் நயீம் அகமது. "இனிமே உன்ன வேலைய வுட்டுத் தூக்கவும் முடியாது. நல்லா பண்ணினே, போமா."

ஆம்பூரில் பையர் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அறிக்கையில் ஒன்றாம் லைன் என்றுதான் இருந்தது. ஒன்றாம் லைன் டோக்கனை மட்டும் எடுத்தார்கள். முனியம்மாவின் பாட்டிலிலிருந்து ரப்பர் பேண்டு போனது. ஒன்றாம் லைன் முழுக்க, வேதாசலம் பார்க்காதபோதுகூடப் பச்சையை அமுக்கியது. ஆனால் சிவப்பை அமுக்கினால் டோக்கன் போகிறது என்ற செய்தி மற்ற லைன்களுக்குப் போய்ச் சேர சாப்பாட்டு நேரம் ஒன்றே போதுமாயிருந்தது. அன்று சாயங்காலம் மிஷின் முன்னால் கியூ. "தள்ளுடி, நான் ரெண்டு தடவ அமுக்கணும்" என்று ஒருத்தி. "எங்க லைனுக்கு சேத்து அமுக்கு" என்று இன்னொருத்தி. வேதாசலம் பச்சையைக் கைகாட்டிக் கைகாட்டி ஓய்ந்துபோய் ஸ்டோருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமா, மொளகா காயவெச்ச மாதிரி இருக்குது ரிப்போர்ட்டு?" நயீம் அகமது மாத்திரையை முழுங்கினார்.

"எல்லா லைன்லயும் டோக்கன எடுத்துடலாம் சார். நாளைக்கே பச்சையாய்டும்."

"அதான் பயமே. ஒரேடியா எடுத்தா நூத்துக்கு நூறு பச்சை வரும். மறுபடி நம்ப மாட்டான். மாசம் ஒரு லைனா எடுப்போம். கிராஃப் பதமா எறங்கும்."

அப்படியாக, அந்தக் கம்பெனியில் மகிழ்ச்சி தவணை முறையில் கொடுக்கப்படுகிறது. இரண்டாம் லைனுக்கு அடுத்த மாதம். மூன்றாம் லைனுக்குக் கடைசி, ஏனென்றால் அங்கேதான் சிவப்பு அதிகம். அதைக் கடைசியில் எடுத்தால்தான் கிராஃப் அழகாக முடியும். மூன்றாம் லைனில் மாசமாக இருக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது கிராஃபில் தெரியாது.

அவிழ்த்த ஒன்றாம் லைன் டோக்கனை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியவள் ஜெனிஃபா. ஆணியிலிருந்து எடுத்ததற்குக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஸ்டோருக்குப் போகும் வழியில் முனியம்மா கையை நீட்டினாள்.

"அத்த இங்க குடு மேடம். வேலையில்லாத துண்டுதான?"

"எதுக்குக்கா?"

"நீ கேக்காத. நீ வெல்ஃபேரு."

ஜெனிஃபா கேட்கவில்லை. மூன்றாம் லைன் ஆணியில் இப்போது இரண்டு டோக்கன் தொங்குகிறது. ஒன்றில் நம்பர் இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து போவதை சூப்பர்வைசர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். ஆனால் கையில் டோக்கன் இருப்பதால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

வேதாசலத்துக்குத்தான் கணக்கு இடிக்கிறது. சாயங்காலம் ஜெனிஃபா பஸ்ஸுக்குப் போகையில் ஸ்டோர் வாசலில் வழிமறிக்கிறார்.

"மேடம், ஒண்ணாம் லைன் டோக்கன் ஒண்ணு நீங்க எனக்குத் தரணும்."

"நாளைக்குத் தர்றேண்ணே."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்கு வேறண்ணே," என்று சொல்லிவிட்டு ஜெனிஃபா பஸ் ஏறுகிறாள்.